இரண்டு காவல்காரர்களும் என் தலைதீபாவளியும்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஏணி போட்டு ஏறியதில், என்னுடைய பழைய மடிக்கணினி கையில் கிடைத்தது. புனேவுக்கு வேலைக்கு வந்த புதிதில் வாங்கியது. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. சார்ஜரைச் செருகி வைத்தால் மட்டும் இருமிக்கொண்டே எழுந்து உட்காருகிறது. உள்ளே நம்ம நெருப்புநரி, பதிப்பு 3.6. அதன் ஓரத்தில் மூன்று சின்னங்கள்: ஒரு சிவப்பு எட்டுமூலைப் பலகை, ஒரு எஸ் எழுத்து, ஒரு கொடி. ஆட்பிளாக் பிளஸ், நோஸ்கிரிப்ட், ரிக்வெஸ்ட்பாலிசி. 2010இல் நான் கட்டிய கோட்டையின் மூன்று வாசல்காரர்கள்.

இந்த மூவரில் இருவர் சேர்ந்துதான் என் தலைதீபாவளியைக் கெடுத்தார்கள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் அந்தத் தளத்தோடு மட்டும் நம் உலாவி பேசுவதில்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். செய்தி ஒரு வழங்கியிலிருந்து வரும், விளம்பரம் இன்னொன்றிலிருந்து, வருகையாளர் கணக்கெடுக்கும் நிரல் மூன்றாவதிலிருந்து. இவைதான் மூன்றாம் தரப்பு இணைப்புகள். நான் என் அம்மாவுக்கு இதை ஒரு உதாரணம் வைத்துத்தான் புரியவைத்தேன். நம் ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஒரே வீடியோக்காரர்தான் வருகிறார் என்று வையுங்கள். எந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கும் நீங்கள் மற்றக் கல்யாணங்களுக்குப் போனது தெரியாது. வீடியோக்காரருக்கு மட்டும் எல்லாம் தெரியும்: யார் கல்யாணத்துக்குப் போனீர்கள், யாருக்குப் போகவில்லை, எந்தப் பந்தியில் உட்கார்ந்தீர்கள். அவரை நீங்கள் கூப்பிடவே இல்லை. அம்மா உடனே, "நம்ம தெரு ஸ்டுடியோக்காரன் அப்படித்தான்டா" என்றாள். அது வேறு கதை.

வீடியோக்காரர் கையில் முகம் ஞாபகம் வைக்கும் நோட்டு கிடைத்தது 1994இல். நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொண்டுல்லி, குக்கி என்பதை அந்த வருடம் உருவாக்கினார். அவர் நினைத்தது கடைக்கூடை மாதிரியான சாதுவான வேலைகளுக்கு. மூன்றாம் தரப்பு அதை வைத்து என்ன செய்யும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. இதில் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. 1997 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2109 என்ற தரநிலை ஆவணத்தை எழுதியவர்கள் டேவிட் கிறிஸ்டல் என்பவரும் அதே மொண்டுல்லியும். பயனர் தெரிந்து போகாத இடங்களுக்கான குக்கிகளை உலாவி தானாக ஏற்கக்கூடாது என்று அதில் அப்போதே எழுதியிருந்தார்கள். நெட்ஸ்கேப்பும் கேட்கவில்லை, மைக்ரோசாஃப்டும் கேட்கவில்லை. விளம்பர நிறுவனங்களின் பிழைப்பு அதில்தான் இருந்தது. அன்றைக்கு உலாவிகள் அந்த ஒரு வரியை மதித்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுத வேண்டியே இருந்திருக்காது.

உலாவி செய்யாததை வெளியாட்கள் செய்ய ஆரம்பித்தார்கள். 2002இல் மொசில்லாக்காரர்கள் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் ஒரு சின்ன உலாவியை வெளியிட்டார்கள். (அதுதான் பிறகு நெருப்புநரி ஆனது.) அதே வருடம் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சென் என்ற டேனிஷ் இளைஞர், நீட்சி எழுதிப் பழகுவதற்காக ஆட்பிளாக் என்று ஒன்றை எழுதினார். முதல் வடிவம் விளம்பரப் படங்களை மறைக்க மட்டும்தான் செய்தது. படம் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வீடியோக்காரர் உள்ளே வந்து படம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார், நாம் கண்ணை மூடிக்கொண்டிருப்போம். இணைப்பையே தடுப்பது என்பது அடுத்தடுத்த பதிப்புகளில்தான் வந்தது. 2006 ஜனவரியில் விளாதிமிர் பலாண்ட் இதைத் திரும்ப எழுதி ஆட்பிளாக் பிளஸ் 0.6 ஆக வெளியிட்டார். எதைத் தடுப்பது என்ற பட்டியலை, ஈஸிலிஸ்ட் என்ற பெயரில், ரிக் பெட்னல் என்பவர் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். 2009இல் அவர் காலமான பிறகு மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள். கோடிக்கணக்கான உலாவிகள் இன்றும் பார்க்கும் பட்டியல் அது.

இன்னொரு பக்கம், 2005இல் இத்தாலிக்காரர் ஜியோர்ஜியோ மாவோனே நோஸ்கிரிப்ட் எழுதினார். இவர் பாதை வேறு. பட்டியல் கிடையாது. யாருக்கும் நிரல் ஓட்ட அனுமதி இல்லை, நீங்கள் சொன்னால் உண்டு. 2008இல் ஜஸ்டின் சாமுவேல் ரிக்வெஸ்ட்பாலிசி கொண்டுவந்தார். அது இன்னும் கறார். நிரல் மட்டுமல்ல, படமோ எழுத்துருவோ எதுவானாலும், ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் இணைப்பே கிடையாது. இன்னாரிலிருந்து இன்னாருக்குப் போகலாம் என்று ஒவ்வொரு ஜோடியாக நாம் அனுமதி எழுத வேண்டும்.

மூன்றையும் போட்டேன். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள். ஒரு பூட்டை விட மூன்று பூட்டு நல்லதுதானே என்ற எளிய கணக்கு.

இந்த மூன்றும் உள்ளே எப்படிப் பழகிக்கொண்டன என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கால நெருப்புநரி, ஒரு இணைப்பைத் தொடங்குவதற்கு முன்னால் பதிவு செய்துகொண்ட நீட்சிகளை வரிசையாகக் கேட்கும்: "விடலாமா?" முதல் ஆள் சரி என்றால் இரண்டாம் ஆளைக் கேட்கும். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. மிச்சப் பேரைக் கேட்கவே கேட்காது.

இதில் இரண்டு விளைவுகள். முதலாவது, வேண்டாம் என்ற சொல்லுக்கு எப்போதும் வெற்றி. ஒரு நீட்சியில் நீங்கள் அனுமதி கொடுத்தது இன்னொரு நீட்சியைக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, முன்னால் நிற்பவர் தடுத்தால் பின்னால் நிற்பவருக்கு அப்படி ஒரு ஆள் வந்ததே தெரியாது. அதனால்தான் ஒரே பக்கத்தில் ஒரு நீட்சி பத்துப் பேரைத் தடுத்ததாகச் சொல்லும், இன்னொன்று ஒருவருமே வரவில்லை என்று சாதிக்கும். எது நல்ல நீட்சி என்று அந்த எண்களை வைத்துப் பட்டிமன்றம் நடத்தியவர்கள் உண்டு. நானும் அலுவலகத்தில் ஆணி பிடுங்காத நேரங்களில் நடத்தியிருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அதிக எண்ணிக்கை, அவ்வளவுதான் விஷயம். யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கும் வசதியை உலாவி நமக்குத் தரவில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்று உலகத்துக்குத் தெரிந்தது 2009 மே மாதத்தில். நீட்சிகளின் சரித்திரத்தில் அதை ஒரு பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம்.

நோஸ்கிரிப்ட் இலவசம். மாவோனேவுக்கு அதனால் வந்த வருமானம் அவருடைய தளத்தில் இருந்த விளம்பரங்கள்தான். நோஸ்கிரிப்ட் அடிக்கடி புதுப்பிக்கப்படும், ஒவ்வொரு முறையும் அவருடைய பக்கம் தானாகத் திறக்கும், விளம்பரம் கண்ணில் படும். ஈஸிலிஸ்ட் ஆட்கள் அந்த விளம்பரங்களைக் குறிவைத்து விதி எழுதினார்கள். அவர் பக்கத்தின் அமைப்பை மாற்றினார். இவர்கள் விதியை மாற்றினார்கள். அவர் திரும்ப மாற்றினார். இப்படியே போய், கடைசியில் எழுதிய விதிகள் விளம்பரத்தோடு அவர் தளத்தின் வேறு சில பகுதிகளையும் முடக்கிவிட்டன.

மனிதர் பொறுமை இழந்தார். நோஸ்கிரிப்ட்டின் ஒரு புதிய பதிப்பில், ஆட்பிளாக் பிளஸ்ஸுக்குள்ளேயே கையை விட்டு, தன் தளங்களில் மட்டும் அது வேலை செய்யாதபடி செய்துவிட்டார். அந்த நிரல் யாரும் எளிதில் படித்துப் புரிந்துகொள்ள முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. அது வெளியே தெரிந்ததும் அந்த முறையை விட்டுவிட்டு, அடுத்த பதிப்பில் ஆட்பிளாக் பிளஸ்ஸின் பட்டியல்களோடு தன்னுடைய அனுமதிப் பட்டியல் ஒன்றைச் சேர்த்துவிட்டார். பாதுகாப்புக்காக நம்பிப் போட்ட ஒரு நீட்சி, பாதுகாப்புக்காக நம்பிப் போட்ட இன்னொரு நீட்சியின் சட்டைப்பையில் கையை விடுகிறது!

மே 1ஆம் தேதி பலாண்ட் இதை விவரமாக எழுதினார். ஊரே பற்றிக்கொண்டது. மே 4ஆம் தேதி மாவோனே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், சேர்த்ததை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பும் வெளியிட்டார். நீட்சியின் முக்கிய வேலைக்குச் சம்பந்தமில்லாத மாற்றங்களைப் பயனரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே செய்ய வேண்டும் என்று மொசில்லாவும் அதே மாதம் ஒரு விதியை முன்வைத்தது.

அந்த வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து அந்தச் சண்டையைப் படித்தது ஞாபகம் இருக்கிறது. மாவோனே செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தனி ஒரு மனிதரின் பிழைப்பைக் குறிவைத்து விதி எழுதியதும் எனக்கு அவ்வளவு நாகரிகமாகப் படவில்லை. அவர் மன்னிப்புக் கேட்ட பிறகு நோஸ்கிரிப்ட்டைத் தூக்காமல் வைத்துக்கொண்ட கட்சி நான். எனக்குள் வேறொரு கேள்விதான் தங்கியது: எப்படி இது முடிந்தது? பதில் எளிது. அன்றைய நெருப்புநரியில் நீட்சிகளுக்கு நடுவே சுவரே கிடையாது. எல்லாம் ஒரே கூடத்தில், உலாவியின் முழு அதிகாரத்தோடு, பாய் விரித்துப் படுத்திருந்தன. யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மரியாதைதான் பூட்டு.

இனி என் கதை.

2010 தீபாவளி நவம்பர் 5, வெள்ளிக்கிழமை. அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தலைதீபாவளிக்காகத் தங்கமணி ஒரு வாரம் முன்னாடியே கும்பகோணம் போய்விட்டாள். நான் விடுப்புக் கிடைத்த கையோடு மூன்றாம் தேதி புனேயில் ரயிலேறி, சென்னை போய், அங்கிருந்து நான்காம் தேதி இரவுக்குள் மாமனார் வீட்டில் இருப்பதாகத் திட்டம். தத்கால் டிக்கெட் அப்போதெல்லாம் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். நவம்பர் 1, திங்கட்கிழமை. ஏழே முக்காலுக்கே குளித்து, திருநீறு பூசி, மடிக்கணினி முன் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெட்டியும் இருக்கையும் கிடைத்தது. பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். டிக்கெட் தளத்திலிருந்து நடுவில் ஒரு பணப் பரிமாற்றத் தளம், அதிலிருந்து என் வங்கி. நடுத்தளம் வங்கிக்குத் திருப்பிவிடும் இடத்தில் ரிக்வெஸ்ட்பாலிசி மறித்தது. மேலே மஞ்சள் பட்டை. எதிர்பார்த்ததுதான், பழக்கமானதுதான். அனுமதி என்று சொடுக்கினேன். வங்கிப் பக்கம் வந்தது, கடவுச்சொல் போட்டேன், பணம் போனது. திரும்பி வரும் வழியில் அதே நடுத்தளம், "தொடர இங்கே அழுத்தவும்" என்று ஒரு பொத்தானைக் காட்டியது. அழுத்தினேன். டிக்கெட் தளம் வந்தது. உங்கள் நேரம் காலாவதியாகிவிட்டது, மறுபடி உள்நுழையுங்கள் என்றது. மேலே ஒரு மஞ்சள் பட்டை. அவசரத்தில் அதைப் படிக்காமலே மூடினேன்.

கணக்கில் பணம் இல்லை. கையில் டிக்கெட்டும் இல்லை. மறுபடி முயன்றபோது காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புனேயிலிருந்து பெங்களூருக்கு ஒரு பேருந்து. பெங்களூரில் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டுப் பக்கம் போகும் எந்த வண்டியிலும் கால் வைக்க இடமில்லை. சேலம் வரை நின்றுகொண்டே வந்தேன். கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது தீபாவளியன்று காலை பதினொன்றரை. விடியற்காலை நாலு மணியிலிருந்து மாமனார் பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்குமாக மூன்று நடை நடந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு என்று காய்ச்சி வைத்த எண்ணெய் ஆறிப்போயிருந்தது. கொல்லையில் வைத்து எனக்கு மட்டும் தனியாகக் கங்காஸ்நானம் நடந்தது. "வாங்க மாப்பிள்ளை, இப்பவாவது வந்தீங்களே" என்று மாமியார் சொன்ன ஒரு வரி இன்றுவரை குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் சில நாளில் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்த வரி மட்டும் திரும்பவே இல்லை :-)

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தது புனே திரும்பிய பிறகு, அதே வழியில் ஒரு சின்னத் தொகையைக் கட்டிப் பார்த்தபோது. உலாவியின் பிழைப் பலகத்தில் நோஸ்கிரிப்ட் தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. நம்பிக்கையில்லாத தளம் ஒன்று, நம்பிக்கையான தளத்துக்கு ஒரு படிவத்தை அனுப்பினால், அது தாக்குதலாக இருக்கலாம் என்று நோஸ்கிரிப்ட் கருதும். இணைப்பைத் தடுக்காது. படிவத்தில் இருக்கும் தகவல்களை மட்டும் உருவிவிட்டு, வெறும் உறையை அனுப்பி வைக்கும். என் நோஸ்கிரிப்ட்டுக்கு டிக்கெட் தளம் நம்பிக்கையானது, வங்கி நம்பிக்கையானது. நடுவில் இருந்த பணப் பரிமாற்றத் தளம் யாரென்றே அதற்குத் தெரியாது. நிரல் ஓட அனுமதி இல்லாததால்தான் தானாகப் போக வேண்டிய பக்கம் பொத்தானைக் காட்டி நின்றது. பணம் கட்டியாயிற்று என்ற சேதி, உறை மட்டுமாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்த்த தளம் பாவம், வேறென்ன சொல்லும்?

ரிக்வெஸ்ட்பாலிசி தன் வேலையைச் சரியாகச் செய்தது. நோஸ்கிரிப்ட்டும் சரியாகத்தான் செய்தது. ஒருவரிடம் நான் சொன்ன சரி, மற்றவருக்குப் போகவில்லை. இரண்டு பேரும் மஞ்சள் பட்டையில்தான் பேசுவார்கள், அதனால் இரண்டாவது ஆள் கத்தியது முதல் ஆளின் முணுமுணுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குழப்பத்துக்கு நெருப்புநரியின் சுவரில்லாத கூடம்தான் காரணம் என்று அப்போது சொன்னவர்களுக்கு குரோம் ஒரு பதில் வைத்திருந்தது. குரோமில் நீட்சிகள் தனித்தனி அறையில் இருக்கும், ஒன்றை ஒன்று தொட முடியாது. ஆனால் 2010இல் நீட்சிகளை அனுமதித்தபோது இணைப்பை முறையாகத் தடுக்கும் வசதியையே அது கொடுக்கவில்லை. அதற்கான இடைமுகம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2012இல், பதிப்பு 17இல். சுவர் வைத்தாயிற்று, ஆனால் நீட்சிகள் முரண்பட்டால் யார் தீர்ப்புச் சொல்வது? உலாவி. அந்தத் தீர்ப்பு விதிகளைக் கூகிள் தன் ஆவணத்தில் எழுதியே வைத்தது. எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. ஒரு நீட்சி ரத்து என்றால் இணைப்பு ரத்து. ஒரு இணைப்பை வேறு இடத்துக்குத் திருப்பிவிடவோ அதன் தலைப்புத் தகவலை மாற்றவோ இரண்டு நீட்சிகள் முயன்றால், கடைசியாக நிறுவியது எதுவோ அது சொன்னபடி நடக்கும். தோற்ற நீட்சிக்கு, தான் தோற்றது தெரிவிக்கப்படாது.

கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் படித்தேன். நீட்சிக்கே தெரியாது என்றால் எனக்கு எங்கே தெரியப்போகிறது?

இந்த விதி நடைமுறையில் எங்கே இடிக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். பல தளங்கள் வருகைக் கணக்கெடுக்கும் நிரல் வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அதைத் தடுத்தால் பக்கத்தில் உள்ள பொத்தான்கூட வேலை செய்யாது. அதனால் நல்ல தடுப்பான்கள் அந்த நிரலை வெறுமனே தடுக்காமல், அதே பெயரில் ஒன்றும் செய்யாத ஒரு பொம்மை நிரலைக் கொடுக்கும். நோஸ்கிரிப்ட் இதை முன்பே செய்தது. 2014இல் ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக், பிறகு யூபிளாக் ஆரிஜின் ஆனதும், இதைப் பெரிய அளவில் செய்தது. உலாவியின் பார்வையில் பொம்மையைக் கொடுப்பது என்பது ஒரு திருப்பிவிடல். பக்கத்தில் இன்னொரு தடுப்பான் இருந்து ரத்து என்று சொல்லிவிட்டால், ரத்துக்குத்தான் முன்னுரிமை. பொம்மை போய்ச் சேராது, பக்கம் உடையும். இரண்டாவது பூட்டுப் போட்டதால் பாதுகாப்புக் கூடவில்லை, கதவுதான் கோணிக்கொண்டது. யூபிளாக் ஆரிஜினோடு வேறு தடுப்பான் வைக்காதீர்கள் என்று அதன் தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நான் அதைக் கர்வம் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது.

இன்னொரு ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. 2014 மே மாதம் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் பிரைவசி பேட்ஜரை வெளியிட்டது. பட்டியல் வைத்துத் தடுக்கும் ஆளல்ல இது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஒரே மூன்றாம் தரப்பு, மூன்று வெவ்வேறு தளங்களில் நம்மைப் பின்தொடர்வதைக் கண்டால் அதன் பிறகு தடுக்கும். அருமையான யோசனை. ஆசையாகப் போட்டேன், யூபிளாக் ஆரிஜினோடு சேர்த்து. பல மாதம் கழித்துப் பார்த்தால் பேட்ஜரின் பட்டியல் எலும்பும் தோலுமாக இருந்தது. காரணம் நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். திருடன் எல்லாம் வெளி வாசலிலேயே விரட்டப்பட்டால், உள் வாசலில் நிற்கும் பையன் திருடனை அடையாளம் காண எப்படிக் கற்றுக்கொள்வான்? 2020 அக்டோபரில் அந்தக் கற்றலையே இயல்பாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவர் பேட்ஜரும் ஒவ்வொரு விதமாகக் கற்பதால், அது எதைத் தடுக்கிறது என்பதை வைத்தே ஆளை அடையாளம் காண முடியும் என்று கூகிளின் பாதுகாப்புக் குழு காட்டியதுதான் காரணம். இப்போது எல்லோருக்கும் முன்கூட்டியே பயிற்றுவித்த ஒரே பட்டியல்தான் வருகிறது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 2017 நவம்பர் 14இல் நெருப்புநரி 57 வந்தது. பழைய கூடத்தை இடித்துவிட்டு, நெருப்புநரியும் குரோம் பாணி அறைகளுக்கு மாறியது. நோஸ்கிரிப்ட் அடித்துப் பிடித்துப் புது வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. ரிக்வெஸ்ட்பாலிசி பெயரவில்லை. அதன் இடத்தை ஓரளவு நிரப்பிய, ரேமண்ட் ஹில்லின் யூமேட்ரிக்ஸையும் 2020 செப்டம்பரில் அவர் நிறுத்திவிட்டார். யாரிலிருந்து யாருக்கு என்று ஒவ்வொரு ஜோடியாக எழுதும் பொறுமை உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீடியோக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தளத்தின் பெயரிலேயே ஒரு கிளைப் பெயரை வாங்கிக்கொண்டு, வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி மாதிரி உள்ளே வந்தார்கள். பெயரைப் பார்த்தால் முதல் தரப்பு, முகவரி போய்ச் சேரும் இடம் மூன்றாம் தரப்பு. 2020 பிப்ரவரியில் யூபிளாக் ஆரிஜின் இந்த வேஷத்தைக் கலைக்க ஆரம்பித்தது. நெருப்புநரியில் மட்டும்தான் முடிந்தது, ஏனென்றால் பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்க்கும் வசதியை நீட்சிகளுக்குக் கொடுத்தது அது மட்டும்தான்.

1997இல் சொன்னதை உலாவிகளும் மெல்லக் கேட்க ஆரம்பித்தன. ஆப்பிளின் சஃபாரி 2017இல் தொடங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதும் தடுத்தது. நெருப்புநரி 2019 செப்டம்பரில் பின்தொடர்வோரின் குக்கிகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்ட பட்டியல், கூகிளில் இருந்து வெளியே வந்த பிரையன் கென்னிஷ் தொடங்கிய டிஸ்கனெக்டுடையது. குரோம் 2020 ஜனவரியில் இரண்டு வருடத்தில் ஒழிக்கிறேன் என்றது, தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரம் விற்கிறவரே வாசலுக்கும் சொந்தக்காரராக இருந்தால் இப்படித்தான்.

வாசலின் விதியையும் அதே சொந்தக்காரர் மாற்றி எழுதினார். 2018இல் அறிவித்து 2025இல் முடித்த புது ஏற்பாட்டில், குரோம் ஒவ்வொரு இணைப்புக்கும் நீட்சியைக் கேட்பதில்லை. நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பார்த்துத் தடுப்பது உலாவி. யூபிளாக் ஆரிஜின் இதற்குள் அடங்காமல் குரோமிலிருந்து வெளியேறியது. மெலிந்த தம்பியாக லைட் என்ற வடிவம் மட்டும் அங்கே இருக்கிறது. பல நீட்சிகள் முரண்பட்டால் என்ன என்பதற்கு இங்கேயும் வரிசை உண்டு: முதலில் தடு, அடுத்தது திருப்பிவிடு, கடைசியில்தான் அனுமதி. ஒருவர் சொல்லும் சரி இன்னொருவரின் வேண்டாமை மீற முடியாது. சுவர்கள், இடைமுகங்கள், நிறுவனங்கள் எல்லாம் மாறியும் என் தலைதீபாவளியைக் கெடுத்த அந்த ஒரு விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது என் கணினியில் நெருப்புநரியும் யூபிளாக் ஆரிஜினும் மட்டும்தான். பணம் கட்டுவதற்கென்று நீட்சி ஏதும் இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்று. அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். பழைய மடிக்கணினியில் இரண்டு நீட்சிகளின் அனுமதிப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். ரிக்வெஸ்ட்பாலிசியில் நடுத்தளத்திலிருந்து வங்கிக்கு என்ற அந்த ஜோடி இருக்கிறது, நான் அன்றைக்கு அவசரமாகச் சொடுக்கியது. நோஸ்கிரிப்ட்டில் டிக்கெட் தளம் இருக்கிறது, வங்கி இருக்கிறது, நடுத்தளம் இன்றைக்கும் இல்லை. கண்டுபிடித்த பிறகும் அதைச் சேர்க்க ஏனோ மனம் வரவில்லை.

காபி கொண்டுவந்த தங்கமணியிடம் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ டிக்கெட் தளத்து மேல தப்பே இல்லையா?"

"இல்லை."

"அந்த சைட்டு படுத்துப்போச்சு, அதான் டிக்கெட் கிடைக்கலைன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதே..."

"அது சரி. புனே திரும்பின வாரமே தெரிஞ்சுபோச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவள் கும்பகோணத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.